யார் பேச்சைக் கேட்கும்?

"மறுபடியும் தப்பு. முதல்லேர்ந்து சொல்லு" என்றான் கணவன், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததைக் கிளறியபடி.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மனைவி பெருமூச்சு விட்டாள்.

"புரோகிராம்ல கிளாஸ்னா ஒரு அச்சு மாதிரி. ஒரு கிளாஸ், ரெண்டு கிளாஸ்லேர்ந்து குணத்தை வாங்கிக்குது. அதுதான் மல்டிபிள் இன்ஹெரிட்டன்ஸ். பெத்தவங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பேருல ஒரு வேலை இருந்தா, பிள்ளை ரெண்டையும் செய்யும்."

"செய்யாது."

"ஏன் செய்யாது? ரெண்டு பேரும் பெத்தவங்கதானே?"

அவன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான். அவளுக்குக் கொஞ்சம் கிலி. ஒரே பாடத்தை இத்தனை பிடிவாதமாக நடத்துகிற வாத்தியாரை அவள் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை.

மகள் பிறந்ததும் வேலையை விட்டவள் அவள். இப்போது மறுபடி புரோகிராம் எழுதப் போக வேண்டும். விண்ணப்பம் போட்ட இடங்களில் எல்லாம், நடுவில் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டே அனுப்பிவிட்டார்கள். கடைசியாக ஒரே ஒரு இடத்திலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்திருந்தது. இதை விட்டுவிடக்கூடாது என்று இருவருமே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம பொண்ணையே எடுத்துக்க. 'தூங்கு'ன்னு நானும் சொல்றேன், நீயும் சொல்றே. என் 'தூங்கு'ன்னா கதை சொல்லி முடிச்சிட்டு லைட்டை அணைக்கிறது. உன் 'தூங்கு'ன்னா உடனே அணைக்கிறது. அவ யார் பேச்சைக் கேப்பா?"

"இதுல சந்தேகம் வேறயா? என் பேச்சைத்தான்."

"அது உன் மேல இருக்கற பயம். கம்ப்யூட்டருக்கு அந்தப் பயம் கிடையாது. இந்தப் புரோகிராம் மொழியில கிளாஸ் எழுதும்போது யார் பேரை முதல்ல போட்டமோ, அவங்க சொல்றதை மட்டும் செய்யும். இன்னொருத்தர் தொண்டை கிழியக் கத்தினாலும் காதுல வாங்காது. தப்புன்னும் சொல்லாது. சத்தமே போடாம ஒருத்தரை ஒதுக்கிட்டுப் போயிடும். ஆபத்தே அதுலதான் இருக்கு."

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "சரி, ரெண்டு பேர் சொல்றதும் வேணும்னா?"

"அப்படிக் கேளு" என்றவன் முகம் மலர்ந்தது. "பிள்ளை தனக்குன்னு சொந்தமா ஒரு 'தூங்கு' எழுதி வெச்சுக்கணும். யார்கிட்டேயிருந்து எதை எடுக்கணும், எது முன்னாடி, எது பின்னாடின்னு அதுல தெளிவா இருக்கணும்."

அவள் எழுதினாள். அவன் அழித்தான். மறுபடி எழுதினாள். மற்ற பாடங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுகிறேனே என்று கெஞ்சிப் பார்த்தாள். இது ஊறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவன் மசியவே இல்லை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் அவள் பார்க்காமலே எழுதிக் காட்டினாள்.

மறுநாள் அவன்தான் ஸ்கூட்டரில் கூட்டிப் போனான். அலுவலகத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிட்டு, தைரியமாகப் போ என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டான்.

வீட்டு மெஷின்களுக்குப் புரோகிராம் எழுதும் கம்பெனி அது. தலைமை இன்ஜினியர் நடுவில் விட்ட வருஷங்களைப் பற்றிக் கேட்கவே இல்லை. எழுந்து போய்ப் பலகையில் இரண்டு கட்டம் போட்டார். ஒன்று துணி துவைக்கும் மெஷின். 'நிறுத்து' என்றால் தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கதவைத் திறக்கும். இன்னொன்று துணி உலர்த்தும் மெஷின். 'நிறுத்து' என்றால் சூட்டை அணைத்துக் கதவைத் திறக்கும். கீழே மூன்றாவது கட்டம், இரண்டுக்கும் பிள்ளையான மெஷின். அதில் உலர்த்தியின் பெயரை முதலில் எழுதினார்.

"பாதித் துவையல்ல ஒருத்தர் ஸ்டாப் பட்டனை அமுக்கறார். என்ன ஆகும்?"

அவள் பலகையைப் பார்த்தாள். பதில் தடுமாறவில்லை.

"தண்ணியோடவே கதவு திறந்துக்கும் சார். முதல்ல இருக்கற உலர்த்தி சொல்றதை மட்டும்தான் கேக்கும்."

"இடத்தை மாத்திப் போட்டா?"

"தண்ணி போயிடும், சூடு அணையாது. மாத்திப் போட்டுப் பிரயோஜனமில்லை சார்" என்றபடி எழுந்து பேனாவை வாங்கினாள். மூன்றாவது கட்டத்துக்குச் சொந்தமாக ஒரு 'நிறுத்து' எழுதினாள். முதலில் சூடு, அடுத்து தண்ணீர், கடைசியில்தான் கதவு.

இன்ஜினியர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சரிபார்த்தார். பிறகு, வாங்க வந்தவர்கள் முன்னால் இதே மெஷின் ஹால் முழுக்கத் தண்ணீரைக் கொட்டிய கதையைச் சொன்னார். வந்தவர்கள் ஈரக் காலோடு வெளியேறினார்களாம்; அதை எழுதியவரை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம்.

"திங்கட்கிழமை வந்துடுங்கம்மா" என்று அவள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், நிமிர்ந்தார். "உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது யாரு? அந்த மாதிரி ஒருத்தர் எங்ககிட்ட இருந்திருந்தா அன்னைக்கு அவ்வளவு அவமானப்பட்டிருக்க மாட்டோம்."

புத்தகம் என்று சொல்லிவிடலாம். கையெழுத்து இன்னும் விழவில்லை. அவள் நிமிர்ந்து நின்றாள்.

"இருந்தார் சார். அன்னைக்கு நீங்க வேலையை விட்டு அனுப்பினீங்களே, அவர்தான் என் வீட்டுக்காரர்."