டப்பிங் நுழையாத வீடு

"இத்தாலியன் டப்பிங்கா? குப்பையில போடு," என்றான் எத்தோரே. மைத்துனன் ருஜ்ஜேரோ ஆசையாக வாங்கி வந்த ஜப்பானியக் கார்ட்டூன் டிவிடித் தட்டை அவன் கையால்கூடத் தொடவில்லை.

"சின்ன வயசுல தினம் சாயங்காலம் டிவியில பார்த்தோமே, அதேதான் மாப்ளே."

"பார்த்தோம், ஏமாந்தோம். டப்பிங் பண்ணின கழுதைங்க இஷ்டத்துக்கு எல்லாத்தையும் மாத்தி வெச்சிருக்கானுங்க. என் பொண்ணு ஜப்பான் மொழியிலதான் பார்ப்பா."

அவன் மனைவி ஃபுல்வியாவுக்கு இந்தப் பிரசங்கம் கேட்டுக் காது புளித்துவிட்டது. இத்தனை பேசுகிறவனுக்கே அசல் கார்ட்டூன் நேற்றுதான் இணையத்தில் கிடைத்தது. இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறான்.

ஜப்பான் மொழியிலேயே படம் ஓடியது. கீழே ஓடிய இத்தாலிய எழுத்துகளை எட்டு வயது மகள் ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டே வந்தாள். பாதியில் திரும்பினாள்.

"அப்பா, வாள் வெச்சிருக்காளே, அவ பேரைத்தானே எனக்கு வெச்சீங்க?"

"அவளேதான் செல்லம். எங்கம்மா பேரை வைக்கணும்னு ஊரே குதிச்சுது. ஒத்தக்கால்ல நின்னு இந்தப் பேரை வெச்சேன்."

"ஆனா அவளை எல்லாரும் கினுயோன்னு கூப்பிடறாங்க. ஒருத்தர்கூட என்னை மாதிரி ஸ்டெல்லரோசான்னு கூப்பிடலையே."

எத்தோரே படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தான்; அங்கேயும் கினுயோதான்.

"அது டப்பிங் பண்ணின கழுதைங்க வெச்ச பேரும்மா," என்றாள் ஃபுல்வியா. "அண்ணா, நீ கொண்டுவந்த தட்டை ஓட விடு. புள்ள அவ பேரை ஒரு தடவையாவது கேக்கட்டும்."