குளிக்கும் நேரத்துச் சத்தம்

மில்ட்ரெட் குளியல் தொட்டியின் குழாயைத் திறந்ததுதான் தாமதம், பக்கத்து வீட்டில் டொக், டொக் என்று அடி தொடங்கிவிட்டது.

கணவர் லயோனலின் மூட்டுவலிக்கு வெந்நீர் ஒன்றுதான் மருந்து. கழுத்துவரை அமிழ்ந்ததும் முனகல் நின்று, அவருக்குப் பாட்டு வரும். நாளெல்லாம் வலியோடு கிடக்கிற மனிதருக்கு அந்த ஒரு பொழுதுதான் நிம்மதி. அதையும் கெடுக்கவென்று ஒருவர்.

"கோயில் பக்கமே வராத ஆளு. ஞானப்பாட்டு காதுல விழுந்தா உள்ள இருக்கிற பிசாசு குதிக்குது போல" என்று மில்ட்ரெட் பொருமினாள்.

லயோனல் விடச் சொன்னார். அவள் விடுவதாக இல்லை. வளைந்து வளைந்து போகும் மாடி நடையைக் கடந்து, கோணல் படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

லட்லோ நகரின் அந்த மரச்சட்ட வீடு முன்பு ஒரே கம்பளி வியாபாரியுடையது. பின்னால் யாரோ கண்டபடி குறுக்கே அடைத்து இரண்டாக்கிவிட்டார்கள். குடிவந்த நாள் முதல் பக்கத்து வீட்டு ஸ்டோக்ஸின் வாசலை அவள் மிதித்ததில்லை.

இன்று மிதித்தாள். முன்னறையின் மேசை நாற்காலியெல்லாம் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. நட்டநடுவே பருத்த ஓக் தூண் ஒன்று. அதன் அடியில் மண்டியிட்டு, ஸ்டோக்ஸ் மரச்சுத்தியால் ஆப்பை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாசல்ல மணி இருக்கு, மிஸஸ் பெல்" என்றார் திரும்பாமலே.

அவளுக்கு இன்னும் கோபம் ஏறியது. பாதுகாக்கப்பட்ட பழைய வீட்டில் அனுமதியில்லாமல் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது, நகராட்சிக்குச் சொன்னால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்று பொரிந்து தள்ளினாள்.

"இந்தத் தூணை இப்பவே எடுக்கணும். என் கண்ணால பார்த்துட்டுத்தான் போவேன்."

ஸ்டோக்ஸ் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு மெல்ல அண்ணாந்து பார்த்தார். அவளும் பார்த்தாள்.

தூண் தாங்கியிருந்த கறுத்த உத்தரத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு ஓடியிருந்தது. அதற்கு நேர் மேலே, பலகை இடுக்கு வழியாக, தண்ணீர் சலசலப்போடு லயோனலின் பாட்டு தெளிவாக இறங்கி வந்தது.

"எடுத்துடுறேன். முதல்ல அவர் குளிச்சு எழுந்துக்கட்டும்."