மீனாளின் எடை

மானகிரி மீனாளுக்கு எட்டு மாதமாக இடுப்பு கடுத்தது; நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. தனி ஆள் என்பதால் ஒருவேளைதான் பொங்கினாள். உடம்பு வற்றி ரவிக்கை தொளதொளத்தது. 1971 பங்குனியில் காரைக்குடி டாக்டரிடம் போனாள்.

எடை மெஷின் தொண்ணூற்றொரு கிலோ காட்டியது. மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நர்சு ஏறிப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு, சரியாகத்தான் இருந்தது. மீனாள் மறுபடி ஏறினாள். தொண்ணூற்றொன்று.

"ஏத்தா, கனமா எதுவும் சுமக்குறியா?" என்றார் டாக்டர்.

"இப்ப இல்லைங்கய்யா."

போன ஆடியில், நடக்கமாட்டாத புருஷன் வீரையாவை முதுகில் சுமந்துதான் பஸ்சுக்குக் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை.

"நீர் கோத்திருக்கு. ஊசி எழுதியிருக்கேன், ஒரு மாசத்துல பாரமெல்லாம் இறங்கிரும்."

மீனாள் சீட்டைப் பார்த்தபடி நின்றாள். "போடாட்டி?"

"இப்படியேதான் இருக்கும்."

சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மானகிரியில் பஸ்சை விட்டு இறங்கியபோது வெயில் சுள்ளென்று அடித்தது. அவள் முதுகை வளைத்து, முந்தானையை அவிழ்த்து, தன் தலையையும் தாண்டிப் பின்னால் விரித்துப் போர்த்தினாள். பிறகு வீட்டைப் பார்த்து மெல்ல நடந்தாள்.