ஹரிஹரன் சாரின் நான்கு செய்திகள்

இதை வாசிக்கிறவருக்கு வணக்கம். என் பெயர் வேதமுத்து. வயது இருபத்துமூன்று. இருப்பது தாராவியில். செம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆறு மாதமாகத் தற்காலிக வேலை.

நேற்று, வாங்க வருகிறவர்களுக்கு எங்கள் புது மெஷினை இயக்கிக் காட்டும் டெமோ. நன்றாக நடந்தால் நிரந்தரம் என்றிருந்தார்கள். அம்மா ஊரில் எல்லோரிடமும் நிரந்தரம் ஆகிவிட்டதாகவே சொல்லிவிட்டாள்.

என் வேலை கெர்னலுக்குள், அதாவது மெஷினில் மற்ற எல்லாவற்றையும் நடத்தும் அடிப்படைப் புரோகிராமுக்குள். ஒரு புரோகிராம் இன்னொன்றுக்கு அனுப்பும் செய்தி, எடுக்கப்படும்வரை அங்கே காத்திருக்கும். ஒவ்வொரு செய்தியிலும் அடுத்தது எங்கே என்று எழுதியிருக்கும். புதிதாக வருவது கடைசியில் சேரும். எடுப்பது முதலிலிருந்து. யாருக்கும் சலுகை கிடையாது.

அதுதான் மேனேஜர் ஹரிஹரன் சாருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்பா, நான் என்ன உங்க தாராவி குழாயடியில நிக்கறவனா? என் மெசேஜ் எப்பவும் எல்லாத்துக்கும் முன்னாடி நிக்கணும். சம்ஜா, புரிஞ்சுதா?"

"சரி சார். ஆனா நீங்க ரெண்டு மூணு அனுப்பிட்டிய‌ன்னா..."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

எடுக்கவில்லை. அவர் செய்தி எப்போது வந்தாலும் வரிசையின் தலையில் சேரும்படி மாற்றினேன்.

நேற்றுக் காலை, வாங்க வந்தவர்கள் உட்காருவதற்கு முன்பே, சார் தன் அறையிலிருந்து நான்கு செய்திகளை அனுப்பிவைத்தார். நல்வரவு. இது எங்கள் புதிய இயந்திரம். கேள்விகள் கேட்கலாம். சாப்பாடு தயார்.

ஒவ்வொன்றும் முந்தியதைத் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றது.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சார் டையைச் சரிசெய்துகொண்டு, முதல் செய்தியைத் திரைக்குக் கொண்டுவரும் கீயைத் தட்டினார்.

சாப்பாடு தயார் என்றது திரை.

ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள். மெஷினுக்கு நல்ல புத்தி என்று ஒருவர் இந்தியில் சொல்லிச் சிரித்தார். சாப்பாட்டுக்குப் பிறகு சார் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போக, மூன்று மணிக்கு அவர்கள் காரில் ஏறிக்கொண்டிருந்தபோது திரை நல்வரவு சொன்னது.

சாயங்காலம் என் கையில் ஒரு தாள். 'வரிசை என்றால் என்னவென்றே தெரியாதவன்' என்று காரணம் எழுதி ஹரிஹரன் சார் கையெழுத்துப் போட்டிருந்தார். இன்று முதல் நான் போக வேண்டாம்.

டெமோவுக்கு முந்தின நாள் நானே நான்கு செய்தி அனுப்பிப் பார்த்திருந்தேன். தலைகீழாகத்தான் வந்தது. நான்கையும் ஒரே செய்தியாக எழுதி அனுப்புங்கள் சார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக்காட்டுகிறவருக்கு: அவர்கள் காரில் ஏறியது வரைக்கும் வாசியுங்கள், அம்மா சிரிப்பாள். அதோடு நிறுத்திவிட்டு, வேலை நிரந்தரம் என்று சொல்லிவிடுங்கள்.