திங்கட்கிழமைப் பரீட்சை

"ரன்னுன்னா?"

"ஓடுறது."

"அது எனக்கே தெரியும்லா. வேற?"

"கடை நடத்துறது. எலெக்‌ஷன்ல நிக்கிறது. சாயம் போறது."

"பலே! திங்கக்கிழமை சிரம்பான் ஆஸ்பத்திரியிலயும் இப்படியே பட்டுன்னு சொல்லணும்."

லோகேஸ்வரி அகராதியை மூடினாள். கோலா சாவா பக்கம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த அவள் கணவர் முருகையாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதமாகிறது. அதில் மறந்துபோன ஆங்கில வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிவிட்டன.

"போன தடவ என்னைக் காட்டி, இது யாருன்னு டாக்டர் கேட்டாங்க. 'வீட்ல'ன்னு சொன்னீங்க. பேரைக் கேட்டதும் வாய மூடிக்கிட்டீங்க."

முருகையா ஜன்னலைப் பார்த்தார்.

மனைவி பெயர் மறந்துவிட்டது என்று டாக்டர் எழுதிக்கொண்டார். லோகேஸ்வரியால் அதை நம்பவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை 'இந்தா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். ஒருநாளும் பெயர் சொன்னதில்லை.

அவள் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இங்க வேற யாரும் இல்ல. மறந்துட்டீங்களா, இல்ல வெக்கமான்னு எனக்குத் தெரியணும். ஒரே ஒரு தடவ என் பேரச் சொல்லுங்க."