தங்க முகமூடி

“சாவியக் குடுடி!”

வைரவன் விட்ட அறையில் பாஞ்சாலி சுவரில் மோதி விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் புடவையில் சொட்டியது.

கோட்டூர்புரத்தில் ஒரு பங்களாவின் கீழ்த்தளம் அது. கொலம்பஸ் கப்பலேறுவதற்கு முன்பே தென் அமெரிக்காவில் செய்த தங்கச் சாமான்களை ஒரு பணக்காரர் அங்கே கண்காட்சியாக வைத்திருந்தார். பாஞ்சாலி அங்கே கூட்டிப் பெருக்கி, கண்ணாடிப் பெட்டிகளைத் திறந்து துடைப்பவள். வைரவன் அவளுக்குத் தாலி கட்டிய புண்ணியவான்.

டிக்கெட் வாங்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக உள்ளே வந்தவன், செக்யூரிட்டி சாப்பிடப் போகும்வரை சுற்றிப் பார்ப்பதுபோல் பாவனை செய்தான். பெண்டாட்டிக்கு ஓட்டைவாய் என்பது அவனுக்கு வசதியாகப் போயிற்று. மதியம் ஆள் இருக்காது, பெட்டிச் சாவி தன்னிடம்தான் இருக்கும் என்று ஒரு வாரமாக அவளேதான் உளறிக் கொட்டியிருந்தாள்.

“வேணாம்யா. ஜெயிலுக்குப் போய்டுவே.”

வயிற்றில் ஓர் உதை. தலைமயிரைப் பிடித்துத் தூக்கிக் கழுத்தை நெரித்தான், அவளுக்குக் கண்கள் பிதுங்கின. இந்தப் பாவி நிஜமாகவே கொன்றுவிடுவான். போன மாதம் கழுத்தில் கத்தி வைத்தவன்தானே!

“செத்தாக்கூட கேக்க நாதியில்லடி உனக்கு! ஸ்டேஷன்ல ரெண்டு வாட்டி போய் அழுதியே, இன்னா கிழிச்சாங்க? புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு தொரத்தி வுட்டாங்கல்ல?”

பாஞ்சாலி இடுப்பிலிருந்த சாவியை எடுத்து நீட்டினாள்.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தங்க முகமூடியைத் தூக்கினான், அவ்வளவுதான், அலாரம் ஊரையே கூட்டியது. முகமூடியோடு வாசலுக்கு ஓடினான். கேட்டைத் தாண்டுவதற்குள் பக்கத்துத் தெரு ஸ்டேஷனிலிருந்து போலீஸ் ஜீப் குறுக்கே வந்து நின்றது. முட்டியில் விழுந்த லத்தி அடியில், ஐயோ அம்மா என்று தரையில் உருண்டான்.

விலங்கு மாட்டியதும் இன்ஸ்பெக்டர் பாஞ்சாலியிடம் வந்தார். அவளை இரண்டு முறையும் திருப்பி அனுப்பியவர் அவர்தான்.

“முகமூடியத் தூக்கினா நேரா எங்களுக்கு அலாரம் அடிக்கும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும் சார்.”

“அப்புறம் ஏம்மா இவன் கையில சாவியக் குடுத்தே?”

பாஞ்சாலி உதட்டு ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“என்னிய அடிச்சா நீங்க வர மாட்டீங்க சார். தங்கத்தத் தொட்டா வருவீங்க.”