நீர்நாய் வரும் சத்தம்

துப்பறியும் நீர்நாய் கார்ட்டூனுக்குச் சத்தம் கொடுக்கும் அம்மா, ஒலிப்பதிவு அறையில் மண்டியிட்டு, நனைந்த கையுறைகளால் மரப்பலகை மேல் 'தப், தப்' என்று நடக்கிறாள். கண்ணாடிக்கு அப்பால், ஒலிப்பதிவாளருக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஐந்து வயது மகள் நம்பினால்தான் இந்தக் காலடி படத்தில் ஏறும். காலையிலிருந்து மூன்று முறை, "போம்மா, இது நீதான்!" என்று கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். இம்முறை அம்மா, மோப்பம் பிடிப்பதுபோல், ஒரு கையைத் தூக்கியபடி நின்றுவிடுகிறாள். விரல்நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்கிறது. பிறகு மெல்ல ஒரு 'தப்'. அம்மாவின் ஹெட்போனில் மகள் கிசுகிசுப்பது கேட்கிறது: "மாமா, சீக்கிரம் மேசைக்குக் கீழ வாங்க! நாம பிஸ்கட் எடுத்தது அதுக்குத் தெரிஞ்சுபோச்சு!" கண்ணாடிக்கு அப்பால் ஆளில்லாத சுழல்நாற்காலிகள் இரண்டும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பதிவு ஓடுகிறது; அம்மா சிரிப்பை அடக்க ஈரக் கையுறையைக் கடித்துக்கொள்கிறாள்.